பிரவுசரில் ஓடும் கோட், டெர்மினலில் டிரைவர் இல்லை என்கிறதா?

கேள்வி: எங்கள் வெப்சைட் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுடன் சிக்கலில்லாமல் வேலை செய்கிறது. அதே பிஎச்பி கோடை கமாண்ட் லைனில் ஓட்டினால் மட்டும், டிரைவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிடிஓ (டேட்டாபேஸுடன் பேச பிஎச்பி பயன்படுத்தும் பகுதி) நின்றுவிடுகிறது. பிஎச்பியை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யவா?

பதில்: வேண்டாம். எதையும் அழிக்காதீர்கள். பாஸ்வேர்டையும் போர்ட்டையும்கூடத் தொட வேண்டாம். சர்வரை அணுகும் முன்பே வரும் பிழை இது.

வெப்சர்வர் பயன்படுத்தும் பிஎச்பியும் டெர்மினலில் ஓடும் பிஎச்பியும் ஒன்றே என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலும் குழப்பம் தொடங்குகிறது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் அப்பாச்சே வெப்சர்வருக்கு ஒரு ஃபோல்டர், வெப்சர்வருக்காக பிஎச்பியைத் தனியாக ஓட்டும் எஃப்பிஎம்முக்கு ஒன்று, சிஎல்ஐக்கு (அதாவது கமாண்ட் லைனுக்கு) ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தனி ஐஎன்ஐ ஃபைல், அதாவது பிஎச்பியின் அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைல். வெர்ஷனும் வேறாக இருக்கலாம்: வெப்சைட் 8.1-இல் ஓடும், டெர்மினல் 8.3-ஐ அழைக்கும். 8.1-க்குப் போட்ட டிரைவர் 8.3-க்கு உதவாது.

அதனால் முதலில் டெர்மினலில் பிஎச்பி கமாண்டை வெர்ஷன் கேட்கும் சிறிய 'வி' ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். அடுத்து, இரண்டு ஹைஃபன் சேர்த்த 'ஐஎன்ஐ' ஆப்ஷன். எந்த ஐஎன்ஐ ஃபைல் படிக்கப்படுகிறது என்று அது முழுப் பாதையோடு சொல்லும். அப்புறம் சிறிய 'எம்' ஆப்ஷன், லோட் ஆன மாட்யூல்களைப் பட்டியலிடும். அதில் பிடிஓ என்று மட்டும் இருந்தால் போதாது. பிடிஓ பொதுவான அடுக்குதான், பிடிஓ-மைஎஸ்க்யூஎல் தனியாக இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்ஐ இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது வேறு எக்ஸ்டென்ஷன்.

பட்டியலில் பிடிஓ-மைஎஸ்க்யூஎல் இல்லையென்றால், டெர்மினல் காட்டிய அதே வெர்ஷனுக்கான மைஎஸ்க்யூஎல் பேக்கேஜைப் போடுங்கள். விண்டோஸில் டிரைவர் ஃபைல் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். ஐஎன்ஐயில் அதன் எக்ஸ்டென்ஷன் வரிக்கு முன் உள்ள அரைப்புள்ளியை எடுத்தால் போதும். எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரின் பாதை சரியா என்றும் பாருங்கள். சிஎல்ஐக்கு ரீஸ்டார்ட் தேவையில்லை, அடுத்த முறை ஓட்டும்போதே புது அமைப்பைப் படித்துக்கொள்ளும்.

பட்டியலில் டிரைவர் இருந்தும் அதே பிழை வருகிறதா? கனெக்‌ஷன் வரியின் முதல் சொல்லைப் பாருங்கள். அங்கே 'மைஎஸ்க்யூஎல்' என்பதற்குப் பதில் 'மைஎஸ்க்யூஎல்ஐ' என்று இருந்தாலும் இதே பிழைதான் வரும்.

கையால் ஓட்டினால் சரி, குறித்த நேரத்தில் கோடைத் தானாக ஓட்டும் கிரானில் மட்டும் தகராறு என்றால், கிரான் வேறொரு பிஎச்பியை எடுத்திருக்கக்கூடும். கிரானில் உள்ள கமாண்ட் வரியில் பிஎச்பியின் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள்.