ஐரிஷ் பாடகி காரா டில்லனின் டிசம்பர் கச்சேரிக்குப் போகலாமா? கிறிஸ்தவர் அல்லாத, நாட்டுப்புறப் பாடல் பழக்கமில்லாத ஒருவருக்கு அது பிடிக்குமா?

போங்கள். டிக்கெட் இன்னும் இருந்தால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கேள்வியைப் பார்த்தால் இங்கிலாந்துக்கு வந்து இது உங்கள் முதல் குளிர்காலம் என்று தோன்றுகிறது. நான்கு மணிக்கே இருட்டிவிடும். தெருவெல்லாம் விளக்கு எரியும், எல்லோரும் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள், நமக்கு மட்டும் போக இடமிருக்காது. அந்த நேரத்தில் யாராவது இப்படி ஒரு கச்சேரிக்குக் கூப்பிட்டால் 'நமக்கு அங்கே என்ன வேலை' என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாடகியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. காரா டில்லன் வட அயர்லாந்தில் டெர்ரி கவுண்டியில் உள்ள டன்கிவன் என்ற சிற்றூர்க்காரர், 1975இல் பிறந்தவர். 14 வயதில் அனைத்து அயர்லாந்துப் பாட்டுப் போட்டியில் கோப்பை வாங்கியவர். கணவர் சாம் லேக்மன் பியானோவும் கிட்டாரும் வாசிப்பார். இருவரும் சேர்ந்துதான் இசையமைக்கிறார்கள். 2016இல் குளிர்காலப் பாடல்களுக்கென்றே ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அந்தப் பாடல்களை வைத்து டிசம்பரில் ஊர் ஊராகப் பாடுகிறார்கள். இது ஸ்டேடியம் கச்சேரி இல்லை. சின்ன அரங்குகள், பழைய தேவாலயங்கள், அப்படித்தான் இருக்கும். என்யா என்ற இன்னொரு ஐரிஷ் பாடகி மாதிரி இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்காது. என்யா தன் குரலையே ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு கடல்போல ஆக்குபவர், தனியாகக் கச்சேரிப் பயணம் போனதே இல்லை. இங்கே ஒற்றைக் குரல். பக்கத்தில் ஒரு பியானோ இருந்தால் போதும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேரராக, அங்கே இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை பார்க்கிறேன். அங்கே இருக்கும் ஒரு அம்மாவுக்கு அப்போது 80 வயது. சொந்த ஊர் டன்கிவனுக்குப் பக்கத்துக் கிராமம். 1960களின் தொடக்கத்தில், 18 வயதில், நர்ஸ் பயிற்சிக்காகக் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தவர். அந்தக் காலத்தில் அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படி வந்து இங்கத்திய அரசு மருத்துவமனைகளைத் தாங்கியிருக்கிறார்கள். (இல்லத்தில் இருப்பவரைப் பற்றி வெளியில் எழுதலாமா என்று யாராவது கேட்பீர்கள். பெயர் சொல்லவில்லை, இல்லத்தின் பெயரும் சொல்லவில்லை. அவரிடமும் அவர் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு 80 வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. 'அம்மா' என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துவிட்டது.

அவர் அறையில் ஒரு பழைய சிடி பிளேயர் உண்டு. அதில் காரா டில்லனின் 2009 ஆல்பம் ஓடாத நாள் இல்லை. அதன் முதல் பாட்டு 'திருடர்களின் மலை'யைப் பற்றியது. அது நிஜ மலை. டன்கிவன் ஊருக்கு மேலே நிற்கும் பென்பிராடா, ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கே ஏறக்குறைய அதுதான் பொருள். நான் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, "எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தெரியும் மலை இது" என்பார். எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் சொல்வார்.

நான் வந்த ஆண்டு டிசம்பரில் அந்தக் குளிர்காலக் கச்சேரி எங்கள் ஊரிலிருந்து கார் தூரத்தில் நடப்பதாகத் தெரிந்தது. மகள் வெளிநாட்டில் இருக்கிறார். கூட்டிப்போக ஆள் இல்லை. நான் போகிறேன் என்றேன். கூட வேலை செய்யும் ஒருவர், "உனக்கு அந்தப் பாட்டில் என்ன புரியப்போகிறது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, ஆனால் பல நாள் மனதில் கிடந்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். கல் கட்டிடம், நல்ல குளிர். எங்களுக்கு முன்பே பாதிக் கூட்டம் வந்திருந்தது. ரசிகர்கள் என்றால் நான் மனதில் வைத்திருந்தது வேறு. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியில் முதல் வரி வந்ததும் விசில் பறக்கும், கூடவே பாடுவோம், பிடித்தது என்று பாடுபவருக்குத் தெரிய வேண்டும். இங்கே வந்தவர்கள் மடியில் போர்வை, முதுகுக்குத் தலையணை, பிளாஸ்கில் தேநீர் என்று ரயில் பயணத்துக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முன்வரிசையில் வயதான அக்கா தங்கை இருவர், வேல்ஸிலிருந்து வந்தவர்கள். திரும்பிப் பார்த்து, "இது எத்தனையாவது தடவை?" என்று கேட்டார்கள். வணக்கம் சொல்வதுபோல அங்கே அதைத்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு முதல் தடவை என்றதும் தங்கைக்காரி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கச்சேரி தொடங்கியது. சத்தமே இல்லை. யாரும் அசையவில்லை. யாரும் போனைத் தூக்கிப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று பாட்டு ஆன பிறகு எனக்குப் பாடகியை நினைத்துக் கஷ்டமாகிவிட்டது. யாருக்கும் பிடிக்கவில்லையோ, நாமாவது தட்டுவோம் என்று, அடுத்த பாட்டில் குரல் நின்றதும் கையைத் தூக்கிவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். காதருகே, "பொறு. அந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லை" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். குரல் நின்றுவிட்டது, பியானோ நிற்கவில்லை. அதுவும் நின்ற பிறகு அந்தக் கடைசி ஒலி மேலே கூரை வரைக்கும் போய் அடங்க இரண்டு மூன்று நொடி ஆயிற்று. அவ்வளவு பேரும் அது அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அதற்கப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கைதட்டல், மரப் பெஞ்சு அதிர்ந்தது. முன்வரிசை அக்காவும் தங்கையும் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு மூன்று நொடிதான் கச்சேரி. ஒவ்வொரு ஆண்டும் அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. 'குளிர்காலக் கச்சேரி ரசிகர்கள் மந்தமானவர்கள், கிழவர்கள் கூட்டம்' என்று எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இடைவேளையில் கிளம்பி வந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இடைவேளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேநீருக்கு வரிசை, சிடி மேசையில் வரிசை, கழிப்பறைக்கு இன்னும் பெரிய வரிசை.

பின்பாதியில் ஐரிஷ் மொழியிலேயே ஒரு பாட்டு வந்தது. மரியாள் கடவுளுக்கு ஒரு மகனைப் பெற்றாள் என்று தொடங்கும் பழைய பாட்டு. எனக்கு ஒரு சொல் புரியவில்லை. அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் வீட்டில் பேசியது ஆங்கிலம்தான், இது பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தது.

அப்புறம் 'வெக்ஸ்ஃபோர்ட் கேரல்'. பழைய ஐரிஷ் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பெயர்பெற்றது. கிராட்டன் ஃப்ளட் என்ற தேவாலய ஆர்கன் இசைஞர் வெக்ஸ்ஃபோர்டின் எனிஸ்கார்த்தி ஊரில் ஒருவர் பாடக் கேட்டு எழுதிவைத்தார், 1928இல் வந்த ஆக்ஸ்ஃபோர்ட் கேரல் தொகுப்பில் அது சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது டாக்ஸியில் கேட்டேன். "ஊரா? எங்கள் ஊரில் இதை யாரும் பாடியதில்லை" என்றார். வெக்ஸ்ஃபோர்ட் அயர்லாந்துத் தீவின் தென்கிழக்கு மூலை, இவர் ஊர் வடக்கே. அந்தப் பாட்டை அவர் முதன்முதலில் கற்றதே இங்கிலாந்தில், மருத்துவமனையில். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நர்ஸ்கள் தோள் அங்கியை உள்வெளியாகத் திருப்பி, சிவப்பு உள்துணி வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, கையில் விளக்கோடு வார்டு வார்டாகப் பாடிக்கொண்டு போவார்களாம். வந்த முதல் ஆண்டு இரவு டியூட்டியில் இருந்த அவரையும் வரிசையில் நிற்க வைத்தார்களாம். தலைமை நர்ஸ் ஆங்கிலேயர். அவர் கொடுத்த புத்தகத்தில் இந்தப் பாட்டு இருந்தது. "என் நாட்டுப் பாட்டை ஒரு ஆங்கிலேயப் பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்" என்றார். வீட்டில் என்ன செய்வீர்கள் என்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஜன்னலில் மெழுகுவர்த்தி வைப்பார்களாம், இடம் கிடைக்காமல் அலைந்த மரியாளுக்கும் அவள் கணவர் சூசைக்கும் இந்த வீடு திறந்திருக்கிறது என்று சொல்வதற்கு. வீட்டில் கடைக்குட்டிதான் ஏற்ற வேண்டும். இவர்தான் கடைக்குட்டி. இவர் இங்கே வந்துவிட்ட ஆண்டு யார் ஏற்றினார்கள் என்று தன்னைப் பெற்ற தாயிடம் இவர் கேட்கவே இல்லையாம்.

ஆகவே 'இது நம் கலாச்சாரம் இல்லையே' என்று உங்களைத் தயங்கவைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த அரங்கில் எனக்குத் தெரிந்த ஒரே ஐரிஷ்காரருக்கே அந்தப் பாட்டு அந்நிய மண்ணில் கிடைத்ததுதான். இயேசு பிறப்பைப் பற்றிய பாட்டுகள்தான் நிறைய, அதை மறைக்கவில்லை. மதம் மாறச் சொல்லி யாரும் பாடவில்லை. நான் இன்றைக்கும் பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகிறேன்.

இதோடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். கிறிஸ்துமஸ் அன்றைக்கு எனக்கு ஒவ்வொரு ஆண்டும் டியூட்டி. "உனக்குத்தான் கிறிஸ்துமஸ் இல்லையே" என்பார்கள். சரி, செய்கிறேன், அந்த நாளில் அங்கே இருப்பவர்களுக்கு யாராவது வேண்டும். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்தாலும் லீவு வராது, ஆள் இல்லை என்பார்கள். கிறிஸ்துமஸ் இல்லை என்பது நினைவிருப்பவர்களுக்குப் பொங்கல் இருக்கிறது என்பது ஏன் நினைவிருப்பதில்லை? நன்றியில்லாதவள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். விசாவுக்கும் சம்பளத்துக்கும் நன்றி உண்டு. அதற்காக இதைக் கேட்காமல் இருக்க முடியாது. அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்களையும் எல்லாப் பண்டிகைக்கும் வார்டில்தான் போட்டார்கள்" என்றார்.

போவதற்கு முன் சில விஷயங்கள். காலுக்குக் கம்பளி உறை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்ட இடங்களில் தரை சில்லென்று இருக்கும். பெஞ்சில் போட ஒரு சின்ன மெத்தை எடுத்துப்போங்கள். முன்கூட்டியே அந்த 2016 ஆல்பத்தை ஒரு தடவையாவது கேளுங்கள். முன்வரிசை வேண்டியதில்லை, ஒலி மேலே போய் அடங்குவது நடுவில்தான் நன்றாகக் கேட்கும். பாட்டு முடிந்ததும் உடனே தட்டாதீர்கள். கிளம்பும்போது கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இன்னும் இருக்கிறார். இப்போது சக்கர நாற்காலி. அதற்கான இடத்தை இணையத்தில் வாங்க முடியாது, போனில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். 40 நிமிடம் காத்திருந்து இந்த டிசம்பருக்கு இரண்டு இடம் வாங்கியிருக்கிறேன், நாற்காலிக்கு ஒன்று, பக்கத்தில் எனக்கு ஒன்று. அன்றைக்கு எனக்கு நைட் டியூட்டி போட்டிருக்கிறார்கள். மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.