மூன்று நாள் பேசாத குரல்

அன்புள்ள ஐயா,

கோவையில் இருந்தபடி பதிப்பகங்களுக்குப் புத்தக அட்டை வடிவமைக்கிறேன். விளம்பர நிறுவன வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பரில் மட்டும் 23 அட்டைகள். காட்சி முடிந்து ஒரு மாதமாகியும் கணினியைத் திறக்கவே பிடிக்கவில்லை. செய்ததெல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. மனைவி வேலைக்குக் கிளம்பிவிட்டால் பேச ஆளில்லை. "வீட்ல சும்மாதானே இருக்க" என்று மாமா தன் வீட்டு சிலிண்டரையும் என்னை வாங்கி வைக்கச் சொல்கிறார். மறுபடி சம்பளத்துக்கே போய்விடலாமா? மூன்று அட்டைகளை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிலிண்டரை வாங்கி வையுங்கள். கொண்டுவருபவரிடம் நாலு வார்த்தை பேசலாம். கிண்டல் இல்லை. நான் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இருந்த நாட்களில் ஒரு மாலை டீக்கடைக்குப் போய், "ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்றேன். குரல் எழும்பவில்லை, காற்றுதான் வந்தது. சளியா என்று கேட்டார் மாஸ்டர். மூன்று நாளாக யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்கு வந்திருப்பது 'பர்ன்அவுட்', வேலையில் எரிந்து தீர்ந்துபோவது. உலக சுகாதார நிறுவனம் இதை நோயாகச் சொல்வதில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறது. தெம்பு வற்றிப்போவது, வேலைமேல் கசப்பு, நமக்கு இந்த வேலை செய்யவே தெரியவில்லையோ என்ற சந்தேகம், இவைதான் அடையாளம். "ஒன்றுபோலவே தெரிகிறது" என்று எழுதியது அந்தச் சந்தேகம். அது இருக்கும்வரை உங்கள் அட்டைகளுக்கு நீங்களே மார்க் போடாதீர்கள். சம்பளத்துக்குப் போவதா என்பதையும் தள்ளிப்போடுங்கள்.

அலுவலகத்தில் ஆறு மணிக்கு யாராவது பையைத் தூக்குவார், நாமும் எழுந்துவிடுவோம். வீட்டில் அந்த ஆள் இல்லை. இரவு பதினொன்றுக்கு "தலைப்பைக் கொஞ்சம் பெருசாக்கலாமா" என்று வாட்ஸப் வரும், செய்துகொடுத்துவிட்டுப் படுப்போம். நான் ஒரு ஓவிய நண்பரோடு வாரம் இரண்டு நாள் நூலகத்தில் உட்கார ஆரம்பித்தேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். ஒரு மணிக்கு அவர் டிபன் பாக்ஸை எடுத்தால் எனக்கும் பசிக்கும். ஐந்தரைக்கு அவர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினால் என் வேலையும் முடிந்தது.

அப்புறம், டிசம்பர் வேலைக்குப் பணம் வந்ததா? நீங்கள் எழுதவில்லை, வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பாதிக் களைப்பு அங்கேதான் இருக்கும். சிறுதொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பதிந்தவருக்கு, வேலையை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்கிறது 2006ஆம் வருடச் சட்டம். வழக்குப் போடச் சொல்லவில்லை. பில்லின் அடியில் பதிவு எண்ணோடு அந்த ஒரு வரியைப் போடுங்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் இதெல்லாம் போதாது. 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

அட்டைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவதில் 'ழ'வின் வால் கீழே இறங்கிக் கிணற்றுக் கயிறாகிறதே, அது எழுத்துருவா, கையால் எழுதியதா?