கப்பலேறும் தேள்கள்: கேள்வி பதில்

குளச்சல் வாசகர்: ஐயா, சரக்கோடு போன தேள் தீவில் இறங்கினால் அங்குள்ள தேளோடு கலந்துவிடுமா?

எந்தத் தேள் என்பதைப் பொறுத்தது. செந்தேளும் நட்டுவாக்காலியும் குடும்பமே வேறு, ஒரே கல்லுக்கடியில் கிடந்தாலும் இனம் சேராது. ஒரே இனத்தின் கரைக்கூட்டமும் தீவுக்கூட்டமும் சந்தித்தால்தான் கலப்பு. அதற்கு ஒரு சினைத்தேள் போதும். கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியலில் ஒளிந்து போய், இறங்கிய இடத்தில் குட்டி போடும். வெள்ளை வெளேரென்ற குஞ்சுகள் தாயின் முதுகில் ஒட்டிக்கிடந்து, முதல் தோல் உரித்த பிறகே இறங்கும். அவை வளர்ந்து உள்ளூர்த் தேளோடு இணையும்போது மரபணு கலக்கிறது. கண்ணால் பார்த்துப் பிரிப்பது அரிது. மரபுப்பொருளான டி.என்.ஏ.வைச் சோதிக்க வேண்டும். உயிரணுவின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. தாய்வழி மட்டும் வருவது, உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. தாய், தந்தை இருவழியும் வருவது. முன்னதை மட்டும் சோதித்தால், வந்தேறி ஆணாக இருக்கும்போது தடமே சிக்காது.

மார்த்தாண்டம்: தேள் கொட்டினால் என்ன செய்வது?

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள்.

ஆரல்வாய்மொழி: கலப்பு நல்லதுதானே? அமெரிக்காவில் 1995இல் டெக்சாஸ் பூமாக்களை (பெரிய காட்டுப்பூனைகள்) விட்டுத்தானே ஃபுளோரிடாவின் பூமாக்களைக் காப்பாற்றினார்கள்?

நல்ல வாதம் தம்பி. ஆனால் அங்கே மிஞ்சியவை 20, 30 விலங்குகள். உறவுக்குள்ளேயே இனம் பெருகி, வால் மடங்கி, இதயக் கோளாறோடு பிறந்தன. விட்டவை 8 பெண் பூமாக்கள், கண்காணிப்போடு. அந்த இரு கூட்டமும் முன்பு கலந்து வாழ்ந்தவை. இடையில் வெட்டியவன் மனிதன். தீவுத் தேளைப் பிரித்து வைத்தது கடல்.

ஆரல்வாய்மொழி: மிதக்கும் மரத்தில் தேள் தானாகவே போகிறதே?

எப்போதோ ஒன்று போகும். சரக்குக் கப்பல் ஓயாமல் போகிறது. ஐசோமெட்ரஸ் மாகுலேட்டஸ் என்ற மெலிந்த புள்ளித்தேள் இப்படித்தான் வெப்பமண்டலத் துறைமுகங்கள் எங்கும் பரவிவிட்டது. தீவுத் தேளின் தனி மரபு ஒருமுறை கரைந்தால் அதைத் திரும்பப் பிரித்தெடுக்க வழியே இல்லை. வாதத்தில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது.

தக்கலை: குழந்தையைச் செந்தேள் கொட்டினால்?

மார்த்தாண்டத்துக்குச் சொன்னதுதான், இன்னும் வேகமாக. செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும். பிரசோசின் மாத்திரை உயிர் காக்கும் என்று காட்டியவர் மகாராஷ்டிர மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். அதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். கொட்டு வைத்தியக் கேள்விகள் இத்துடன் போதும்.

பேச்சிப்பாறை: ரப்பர் தோட்டத்தில் பிடித்த கருந்தேளை அந்தமானில் இருக்கும் அண்ணனுக்குக் கொண்டுபோகலாமா?

கூடவே கூடாது! இவ்வளவு நேரம் சொன்னது இதைத்தான். பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தோவாளை: புற ஊதா டார்ச் அடித்தும் ஒரு தேள் ஒளிரவில்லையே?

அப்போதுதான் தோல் உரித்திருக்கும். புது ஓடு இறுகிய பிறகே நீலப்பச்சையாக ஒளிரும். அதனால் டார்ச்சை மட்டும் நம்பி வெறுங்காலோடு நடக்காதீர்கள்.