வாசகர் கேட்டவை: கப்பல் சாய்ந்தாலும் திசைகாட்டி சாயாதது ஏன்?

கேள்வி: பழைய கப்பல் சாமான்கள் விற்கும் கடையில், மரப்பெட்டிக்குள் பொருத்திய பித்தளைத் திசைகாட்டி ஒன்றைப் பார்த்தேன். பெட்டியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் உள்ளேயிருந்த கிண்ணம் மட்டும் கிடைமட்டமாகவே நின்றது. அதைச் சுற்றியிருந்த வளையம் அப்படி என்ன செய்கிறது?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: வளையம் எதையும் நிமிர்த்துவதில்லை. பெட்டியின் சாய்வு கிண்ணத்தைச் சென்று சேராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கிண்ணத்தை நிமிர்த்துவது அதன் அடியிலுள்ள கனம். கிண்ணத்தின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு முளைகள் இருந்திருக்கும். அவை வளையத்தின் துளைகளில் சுழலும். அவற்றுக்குச் செங்கோணத்தில், வளையத்தின் வெளிப்பக்கத்து முளைகள் இரண்டு பெட்டியின் பக்கங்களில் சுழலும். கப்பல் இடவலமாக உருளும்போது ஓர் அச்சும், முன்பின்னாக எழுந்து தாழும்போது மற்றோர் அச்சும் விட்டுக்கொடுக்க, இரண்டும் சந்திக்கும் இடத்துக்குக் கீழே ஈர்ப்பு மையம் அமைந்த கிண்ணம் தன்பாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த அமைப்பைக் கிம்பல் என்கிறார்கள்.

சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டிய தூக்குவாளியும் ஏறக்குறைய இதுதான். வாளியின் காதுகளில் கைப்பிடி சுழல்வது ஓர் அச்சு. அந்தக் கைப்பிடி ஹேண்டில்பாரின்மேல் ஆடுவது இன்னோர் அச்சு. இதன் குறையையும் அதே வாளியில் காணலாம். திடீரென்று பிரேக் பிடித்தால், சைக்கிள் சாயாமலேயே வாளி முன்னால் வீசி ஆடுகிறது அல்லவா? தொங்கும் கனத்துக்குச் சாய்வுக்கும் உலுக்கலுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவேதான் கிண்ணத்துக்குள் சாராயம் கலந்த நீரையோ எண்ணெயையோ நிரப்பித் திசைத் தகட்டின் ஆட்டத்தை அடக்கினார்கள்.

மூன்றாவது வளையம் ஏன் இல்லை என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். கப்பல் திரும்புவதைக் காந்தத் தகடு தானே பார்த்துக்கொள்கிறது. கிண்ணமோ கப்பலோடு சேர்ந்து திரும்பியே ஆக வேண்டும், ஏனெனில் கப்பலின் முகப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்று காட்டும் கோடு அதன் உட்புறத்தில்தான் வரையப்பட்டிருக்கிறது.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் இத்தாலியரான கார்டானோ என்று படித்தேன். சரிதானா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: பெயர் மட்டுமே அவருடையது. கணிதராகவும் மருத்துவராகவும் விளங்கிய ஜெரோலமோ கார்டானோ (1501–1576) இந்த அமைப்பை விவரித்து எழுதியதால் ஐரோப்பாவில் அவர் பெயரால் வழங்கலாயிற்று; தாமே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பொறியாளர் பைசாந்தியத்து ஃபிலோ, எந்தப் பக்கம் திருப்பினாலும் மை சிந்தாத எட்டுமுக மைக்கூட்டை விவரித்ததாக ஓர் அரபு மொழிபெயர்ப்பு காட்டுகிறது. அப்பகுதி பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம் என்று ஐயுறும் அறிஞர்களும் உண்டு. சீனத்தில் ஹான் அரசகாலத்துக் கைவினைஞர் டிங் ஹுவான், ஏறத்தாழ கி.பி. 180இல், படுக்கை விரிப்புகளுக்கு இடையே வைத்தாலும் தணல் கொட்டாத நறும்புகைக் கலத்தைச் செய்தார் என்பர். ஐயத்துக்கு இடமில்லாத சான்று கண்ணெதிரே இருக்கிறது: 1970இல் ஷியான் நகரின் ஹெஜியாசுன் புதையலில் கிடைத்த தாங் அரசகால வெள்ளி உருண்டை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சித்திர வேலைப்பாட்டுக் கூட்டுக்குள் இரண்டு வளையங்களும், நடுவே வாசனைப்பொருள் எரிக்கும் குழிந்த கிண்ணமும் உள்ளன. ஆக, கடலுக்கு வருமுன்பே இந்த அமைப்பு படுக்கையறையில் பழகியிருக்கிறது.

கேள்வி: கப்பல் கடிகாரங்களையும் இப்படித்தான் வைத்தார்களா?
- நாகப்பட்டினம் வாசகர்

பதில்: பிற்காலத்துக் கடற்பயணக் கடிகாரங்களை அப்படித்தான் வைத்தார்கள். கடிகாரம் கிடக்கும் நிலை மாறினால் அதன் சமநிலைச் சக்கரத்தின் உராய்வு மாறி, ஓட்டம் பிசகும். ஆகவே முகம் வானத்தைப் பார்க்குமாறு வளையத்தில் தொங்கவிட்டார்கள். கரையில் தூக்கிச் செல்லும்போது வளையங்களை அசையாமல் பிடித்துவைக்கச் சிறு நெம்பு ஒன்றும் பெட்டியில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1761இல் ஜமைக்காவுக்குச் சென்று புகழ்பெற்ற, ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் வளையம் ஏதுமின்றி மெத்தையின்மேல் படுத்தபடியே பயணம் செய்தது.

கேள்வி: விண்கலத்தில் எடையே இல்லையே, அங்கே எது நிமிர்த்தும்?
- மதுரை வாசகர்

பதில்: அங்கே கனத்தின் இடத்தைச் சுழலும் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. 1852இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ அதை வளையங்களுக்குள் நிறுத்திப் பூமியின் சுழற்சியைக் காட்டினார். அப்பல்லோ கலங்களில், கலம் எந்தத் திசையை நோக்குகிறது என்று அறிய உதவிய, இத்தகைய சக்கரங்கள் தாங்கிய மேடையைச் சுற்றி மூன்று வளையங்கள் இருந்தன. நடுவளையம் 90 பாகை திரும்பினால், வெளிவளையத்தின் அச்சும் உள்வளையத்தின் அச்சும் ஒரே கோட்டில் வந்துவிடும். மூன்று திசைகளுக்கு இரண்டு அச்சுகளே மிஞ்ச, மேடை தன் நிலையை இழந்துவிடும். இதைத் தவிர்க்க 70 பாகையிலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நான்காவது வளையம் இருந்தால் இந்தத் தொல்லை தீரும், முந்தைய ஜெமினி கலங்களில் அது இருந்தது. அப்பல்லோ 11இல் சென்ற மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமஸ் பரிசாகத் தமக்கு நான்காவது வளையம் ஒன்றை அனுப்பும்படி தரைக்கட்டுப்பாட்டிடம் கேட்டது நகைச்சுவைதான்; ஆனால் அதில் ஓர் ஓட்டியின் எரிச்சலும் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கைப்பேசிக் கிம்பலில் படம் எடுக்கும்போது மோட்டார் சூடாகிறது, பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது. பழுதா?
- கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் பழுதன்று. இவ்வகைக் கிம்பலில் தொங்கும் கனம் கிடையாது. சாய்வை உணரி கண்டறிய, ஒவ்வோர் அச்சிலும் உள்ள மோட்டார் எதிர்த்திசையில் திருப்பிச் சரிசெய்கிறது. கைப்பேசியின் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து விலகியிருந்தால், அந்தப் பாரத்தை மோட்டார் ஓயாமல் தாங்க வேண்டியிருக்கும். மின்னிணைப்பைத் தருவதற்கு முன், கைப்பேசியைப் பிடிப்பானில் இடமும் வலமுமாக நகர்த்தி, கையை எடுத்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகு விசையை அழுத்துங்கள்.