வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: மனநல வார்டில் சேரும் நாளும் வீடு திரும்பும் நாளும்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ஐந்து இரவுகளாகத் தூங்கவில்லை. எதிர்வீட்டார் எங்கள் வீட்டுக்குள் கேமரா வைத்துவிட்டதாகச் சொல்லி மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கிறான். அம்மா வைக்கும் சோற்றில் ஏதோ கலந்திருப்பதாக நினைத்து அதைத் தொடுவதே இல்லை. மருத்துவர் மனநலப் பிரிவில் சேர்க்கச் சொல்கிறார். பெரியப்பாவோ, "அங்கே கட்டிப்போட்டு கரண்ட் வைப்பார்கள், ஏர்வாடிக்குக் கொண்டுபோ" என்கிறார். கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தயவுசெய்து பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். தன்னைச் சுற்றி எல்லோரும் சதி செய்வதாக நம்பிக்கொண்டிருப்பவரைக் கல்யாண வீடு என்று சொல்லி மருத்துவமனை வாசலில் இறக்கினால், அவருடைய சந்தேகம் உண்மைதான் என்று நாமே நிரூபித்தது போலாகிவிடும். அதன்பிறகு, நீங்கள் கொடுக்கும் மாத்திரையை அவர் ஏன் நம்ப வேண்டும்? கேமரா இருக்கிறதா இல்லையா என்று வாதாடவும் வேண்டாம், அவருக்காக ஆமாம் போடவும் வேண்டாம். "நீ தூங்கி ஐந்து நாளாகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, தூக்கத்துக்கு மருந்து வாங்கலாம், நான் கூடவே இருப்பேன்" என்று மட்டும் சொல்லுங்கள். தூக்கம் கெட்டிருப்பது அவருக்கும் தெரியும் என்பதால், பலர் இந்தச் சொல்லுக்கு இணங்கி வருவதைக் கண்டிருக்கிறேன். அதுவரை வாழைப்பழமும் ஓடு உரிக்காத அவித்த முட்டையும் கொடுத்துப் பாருங்கள். சாப்பாட்டில் விஷம் இருப்பதாக அஞ்சி இரண்டு நாள் தண்ணீர்கூடத் தொடாமல் எங்கள் வார்டுக்கு வந்த ஓர் இளைஞர், தன் கையாலேயே ஓட்டை உடைத்து உரித்த முட்டையைத்தான் முதலில் சாப்பிட்டார்.

பெரியப்பாவின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் அதற்கு நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் அனுமதிப்பதில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் மின் அதிர்வு சிகிச்சை அளிப்பதையும் தடை செய்கிறது. தனி அறையில் பூட்டி வைப்பதையும் தடுக்கிறது. அந்தக் கணத்தில் வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம், அதையும் பதிவு செய்தாக வேண்டும். ஏர்வாடி தர்காவிலேயே இப்போது 'தவா–துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தின் கீழ் அரசு மனநல மருத்துவர்கள் மருந்து கொடுக்கிறார்கள் என்பதைப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். வேண்டுதலைப் பின்னர் நிறைவேற்றிக்கொள்ளலாம், மருந்தைத்தான் தள்ளிப்போடக் கூடாது.

தம்பி சம்மதித்தால் அவராகவே கையெழுத்திட்டுச் சேரலாம்; அப்படிச் சேர்ந்தவர் கேட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதே பொதுவிதி. சம்மதிக்காமல் அவருடைய உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்த பிறகு, அதிகபட்சம் 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த முடிவை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை உங்கள் தம்பிக்கு உண்டு. அதை அவரிடம் மறைக்காதீர்கள்.

உடனிருக்க அனுமதித்தால் கட்டாயம் உடனிருங்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். அந்த வழக்கம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் வேரூன்றியது. மீட்சியை மையமாகக் கொண்ட சிகிச்சை என்று உலகம் இன்று பேசுவதில் முக்கியமான ஒரு பங்கை நம் நாட்டார் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சேர்த்த பிறகு ஓரிரு இரவுகளில் தூக்கம் திரும்பும். சந்தேகம் தணிய வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், நான்காம் நாளே "இன்னும் அப்படியே பேசுகிறானே" என்று மனம் தளராதீர்கள்.

கேள்வி: பைபோலார் (மிகையான உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) பாதிப்புக்காக இரண்டு முறை மருத்துவமனையில் இருந்தேன். முதல் முறை தலையை மழித்து, சொந்த உடையைப் பறித்து, என்ன மருந்து என்றுகூடச் சொல்லாமல் விழுங்க வைத்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறேன். மூன்றாம் முறை நேர்ந்தால் என் பேச்சுக்கு மதிப்பிருக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்களுக்கு நடந்தது சிகிச்சையில் சேராது. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் உங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். கட்டாயப்படுத்தித் தலையை மழிக்கக் கூடாது என்பதும், விரும்பினால் சொந்த உடையையே உடுத்தலாம் என்பதும் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இப்போது எழுத்திலேயே உள்ளன. இவை சின்ன விஷயங்கள் அல்ல. தன் சட்டையோடு படுக்கையில் உட்கார்ந்திருப்பவர் தன்னை இன்னாரென்று மறந்துவிடுவதில்லை.

உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்க வேண்டுமானால், தெளிவாக இருக்கும் இந்த நாட்களிலேயே அதை எழுதி வையுங்கள். முன்கூட்டிய வழிகாட்டுதல் என்று சட்டம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், உங்கள் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி யார் என்பதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டு, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்யலாம். அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது என்பதையும், வாரியம் இதை மாற்றவோ நீக்கவோ கூடும் என்பதையும் தெரிந்துகொண்டே எழுதுங்கள். பிரதிநிதி உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நெருங்கிய நண்பரும் ஆகலாம்.

சட்டத்துக்கு வெளியே இன்னொரு தாளும் வேண்டும். என்னிடம் வரும் ஓர் ஆசிரியை, நோய் திரும்புவதன் அறிகுறிகளாகத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றே வரி எழுதியிருக்கிறார்: "மூன்று மணிக்கு எழுந்து பாத்திரம் துலக்குவேன். ஒரே நாளில் நாலு புடவை வாங்குவேன். யாராவது மெதுவாகப் பேசச் சொன்னால் கோபம் வரும்." இந்த மூன்றில் இரண்டு தென்பட்டால் அவருடைய கணவர் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம். லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் என்றால், உங்கள் தாளில் கடைசி ரத்தப் பரிசோதனையில் தெரிந்த அதன் அளவையும் தேதியையும் குறித்து வையுங்கள். நள்ளிரவில் உங்களைப் பார்க்கும் புதிய மருத்துவருக்கு அது பெரிய உதவி. நோய் மறுபடி தலைகாட்டினாலும் உங்கள் வேலை, உறவுகள், தீர்மானங்கள் உங்கள் கையிலேயே இருப்பதைத்தான் நான் மீட்சி என்று சொல்வேன். அந்த வழியில் நீங்கள் ஏற்கெனவே வெகுதூரம் வந்துவிட்டீர்கள்.

கேள்வி: எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டு, காலில் புண்ணோடு பல நாளாக இருக்கிறார். யாரிடம் சொல்வது?
– வாசகர், திருமயம்

பதில்: காவல் நிலையத்தில் சொல்லுங்கள். இத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல்துறையின் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றுத் திரியும் மனநோயாளிகளுக்கென்று தமிழ்நாடு அரசு அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை நடத்துகிறது. உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒன்று உள்ளது. காலில் உள்ள புண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள். மனநோய் என்றதும் உடல்நோயைக் கவனிக்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: என் கணவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மூன்று வாரமாக மருத்துவமனையில் இருக்கிறார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வழக்கு வருமோ என்றும், வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் கவலையாக இருக்கிறது.
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வழக்கைப் பற்றிய பயத்தை விடுங்கள். இப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

வீடு திரும்பும் முதல் சில வாரங்களைப் பற்றித்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வார்டில் இருக்கும் நாட்களைவிட அவை ஆபத்து மிகுந்தவை. அவர் வருவதற்கு முன்பே பூச்சிமருந்தை வீட்டை விட்டும் வயலை விட்டும் அப்புறப்படுத்தி, வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம். மறுபடி அந்த எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது, சுமை இறங்கும். இரவில் நிலைமை மோசமானால் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிராபத்து என்றால் 108-ஐ அழையுங்கள்.

கடன்தான் காரணம் என்றால், வார்டில் உள்ள சமூகப் பணியாளரிடம் அதை இப்போதே பேசுங்கள். கடன்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்புவது எங்கள் தரப்புக் குறையாகும். டிஸ்சார்ஜ் அன்று நீங்கள், கணவர், மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார நேரம் கேளுங்கள். மனம் சோரும்போது யாரிடம் முதலில் சொல்வார் என்பதை அவர் தன் கையாலேயே எழுதட்டும், அந்தப் பெயர் உங்களுடையதாக இல்லாவிட்டாலும் வருந்தாதீர்கள். ஏழு நாளுக்குள் வரும்படியான ஒரு தேதியை நோட்டில் குறித்து வாங்கிக்கொண்டு, அதன்பிறகு பேருந்து ஏறுங்கள்.