ஏஏசி கருவியில் பேசும் குழந்தைக்கு 'நான்', 'நீ' எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி கேட்டவரின் மகள் டேப்லெட்டில் பொத்தான் அழுத்திப் பேசுகிறாள். வாய்ப்பேச்சுக்குப் பதிலாகவோ துணையாகவோ இருக்கும் இப்படிப்பட்ட கருவியைத்தான் ஏஏசி (AAC) என்கிறார்கள். தனக்கு ஒன்று வேண்டுமென்றால் 'உனக்கு வேணும்' என்கிறாள். என் மகனும் ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படித்தான் பேசினான்.

இது பிடிவாதம் இல்லை. 'பந்து' என்று யார் சொன்னாலும் பந்துதான். 'நான்' அப்படியா? சொல்பவர் மாறினால் ஆளே மாறிவிடுகிறது. நாமோ நாள் முழுக்க அவளிடம் 'உனக்கு வேணுமா?' என்றே கேட்கிறோம். அந்தச் சொல் தன்னைத்தான் குறிக்கிறது என்று அவள் எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. வாயால் பேசும் ஆட்டிசக் குழந்தைகளிடமும் இது உண்டு. ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கானர் 1943-லேயே இதை எழுதிவிட்டார்.

நான் செய்த பெரிய தவறு, 'நான்' பொத்தானில் மகனின் போட்டோவை வைத்தது. பிறகு 'நான் வரேன்' என்று காட்ட அதை நான் அழுத்தினால், திரையில் அவன் முகம்! எடுத்துவிட்டு, தன்னைச் சுட்டும் விரல் படத்தை வைத்தேன். இடத்தை மட்டும் மாற்றவில்லை. இந்தப் பிள்ளைகளின் விரல் பொத்தானைத் தேடிப் போவது பெரும்பாலும் இட ஞாபகத்தில்தான்.

அடுத்தது தமிழுக்கே உரியது. ஆங்கிலக் கருவிகளின் பொத்தான் பலகையைப் பார்த்து நாமும் 'நான்' என்பதையே முதலில் சொல்லித்தருகிறோம். ஆனால் பசிக்குது, வலிக்குது, பிடிக்கும், வேணும், தெரியும் எல்லாமே 'எனக்கு' கேட்கும் சொற்கள். சின்னப் பிள்ளை சொல்ல நினைப்பதில் பாதி அதுதான். அதனால் முதல் பக்கத்தில் 'எனக்கு', 'உனக்கு' இரண்டையும் வையுங்கள். 'நான்' பின்னால் வரட்டும். வந்தபின் 'நான் போ' என்று அழுத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். 'போறேன்' என்பதில் வரும் 'ஏன்' விகுதி அந்தப் பொத்தானில் இல்லாதபோது, போவது யார் என்று சொல்ல அவளிடம் இருப்பது 'நான்' மட்டும்தானே.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது மூன்றாவது ஆள். தன்னிடம் நேராகப் பேசாத பேச்சையும் கவனித்துத்தான் குழந்தைகள் 'நான்–நீ' கற்கிறார்கள் என்று குழந்தைகளின் மொழியை ஆராய்ந்த யுரிகோ ஓஷிமா-தகானே 1988-இல் காட்டினார். யோசித்துப் பாருங்கள், இருவர் பேசுவதைப் பார்த்தால்தான் 'உனக்கு' ஆள் மாறி ஆள் போவது தெரியும். நானும் என் மூத்த மகளும் அவன் எதிரில் கிரேயான் பங்கு போடுவோம். அவனிடம் கேட்டுவிட்டு (அது அவன் குரல், கேட்காமல் தொடக்கூடாது) அவன் கருவியிலேயே அழுத்துவோம்: 'எனக்கு' என்றால் கை என் நெஞ்சில், 'உனக்கு' என்றால் கிரேயான் அவள் கையில். பிறகு அவள் முறை. அவனிடம் எதுவும் கேட்கவில்லை. 'எங்கே, "எனக்கு" பொத்தானைக் காட்டு' என்று பரீட்சை வைத்த நாட்களில் அவன் கருவியையே தள்ளிவிட்டிருக்கிறான்.

வாரக்கணக்கில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பச்சைக் கிரேயானை நீட்டினேன். 'எனக்கு', 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டான். கிரேயானை ஓரமாக வைத்துவிட்டேன். மறுப்பதற்காக வந்த சொல்லையும் மதிக்க வேண்டும்.

இன்னமும் சில நாள் மாற்றி அழுத்துவான். 'தப்பு' என்று சொல்வதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நெஞ்சைத் தொட்டு, 'எனக்கு வேணும்' என்று ஒருமுறை அழுத்திக் காட்டிவிட்டு, கேட்டதைக் கொடுத்துவிடுவேன். அவன், அவள், நாம, நாங்க எல்லாம் இன்னும் தொடங்கவில்லை. அவசரமும் இல்லை.