கிராங்க், பி.பி., செயின் வீல்: எதை முதலில் முடிவு செய்வது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஸ்டீல் ஃபிரேமில் கியர் இல்லாத சைக்கிள் கட்டியிருக்கிறேன். பின்னால் 18 பல் ஃப்ரீவீல். முன்னால், ஒரு மவுண்டன் பைக்கில் கழற்றிய ஐந்து கை அலுமினிய கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு; செயின் வீலைத் தாங்கும் கைகள் ஐந்து), வெளிப்பக்கம் 44 பல் செயின் வீல், 122.5 மி.மீ. நீளச் சதுர அச்சுள்ள பி.பி. (பாட்டம் பிராக்கெட்: கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்). ஓட்டினால் கரகரவென்று சத்தம். குலசேகரம் போகும் ஏற்றங்களில் செயின் கழன்று விழுகிறது. புதுச் செயின் போட்டும் அப்படியேதான். எந்த பி.பி. வாங்குவது?"

செயின் மேல் குற்றமில்லை. அது கோணலாக ஓடுகிறது. பி.பி.யை முதலில் வாங்கிவிட்டு மற்றதை அதற்கு ஏற்ப வளைக்கப் பார்ப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. பின் ஃப்ரீவீல் இருக்கும் இடத்தை மாற்றுவது கடினம். அதனால் அளவு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அச்சின் நீளம் கடைசியில் தானாகக் கிடைக்கும்.

நீங்கள் அனுப்பிய அளவுகளையே எடுத்துக்கொள்வோம். பின் ஹப் அகலம் 110 மி.மீ.; பாதி 55. ஃபிரேமின் உட்பக்கத்திலிருந்து ஃப்ரீவீல் பல்லின் நடு வரை 13. ஆக, பின் செயின்லைன் (சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் கோடு வரை உள்ள தூரம்) 42 மி.மீ. முன்னால் சீட் டியூப் (சீட்டிலிருந்து பி.பி.க்கு இறங்கும் குழாய்) 28.6 மி.மீ.; பாதி 14.3. டியூபின் ஓரத்திலிருந்து செயின் வீல் பல்லின் நடு வரை 36.5. கூட்டினால் 51-ஐ ஒட்டி வருகிறது. 9 மி.மீ. வித்தியாசம்! 1 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை, 2 மி.மீ.யில் சத்தம் கேட்கத் தொடங்கும்.

இதை முழுக்க அச்சிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள். இருபுறமும் சமமாக நீளும் அச்சில் 2 மி.மீ. குறைத்தால் செயின்லைன் 1 மி.மீ.தான் உள்ளே வரும். 9 மி.மீ. வேண்டுமானால் 18 மி.மீ. குட்டையான அச்சு தேவை; கிராங்க் கை செயின்ஸ்டேயில் (பி.பி.யிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) உரசிவிடும்.

செயின் வீலை கிராங்கின் உட்பக்கத்துக்கு மாற்றுங்கள். உங்கள் கிராங்கில் அதே ஐந்து போல்ட்டில் உள்ளேயும் மாட்ட இடம் உண்டு. ஏறக்குறைய 7 மி.மீ. உள்ளே வரும். மீதி 2 மி.மீ.க்கு 118 மி.மீ. அச்சு போதும். ஆனால் உள்ளே வந்த 44 பல் வீல் செயின்ஸ்டேயைத் தொடலாம். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஏனென்றால் அழுத்தி மிதிக்கும்போது ஃபிரேம் சற்று வளையும். அதனால் 38 பல் வீல் வாங்குங்கள். உங்கள் பாதைக்கும் அதுவே நல்லது. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டர் உருளும் என்றால், 44க்கு 18 ஒரு முழு மிதிக்கு 5.25 மீட்டர் தள்ளும். 38க்கு 18 நாலரை மீட்டர். நாஞ்சில் நாட்டு வயல் ரோட்டில் கொஞ்சம் வேகம் குறையும்தான். பேச்சிப்பாறை பக்கம் ஏறும்போது முழங்கால் நன்றி சொல்லும்.

வாங்கும் முன் போல்ட் வட்டத்தை (செயின் வீல் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) அளந்துவிடுங்கள். ஐந்து கை கிராங்கில் அடுத்தடுத்த இரு போல்ட் நடுவுக்கு 64.7 மி.மீ. வந்தால் அது 110 வட்டம், 76.4 வந்தால் 130. 130 வட்டத்தில் 38 பல்தான் மிகச் சிறியது. செயினின் அகலத்தையும் பாருங்கள்: 3/32 அங்குல வீலில் 1/8 செயின் ஓடும், 1/8 வீலில் 3/32 செயின் உட்காராது.

பி.பி. ஷெல்லின் (பி.பி. உட்காரும் ஃபிரேம் குழாய்) அகலம் 68 மி.மீ.யா 73ஆ என்று அளந்து, அதே எண் உள்ள கார்ட்ரிட்ஜ் (அச்சும் பேரிங்கும் சேர்ந்து மூடிய பி.பி.) கேளுங்கள். பி.எஸ்.ஏ. மரை (ஆங்கிலேய முறை) என்றால் வலப்பக்கக் கப் (பி.பி.யைப் பிடிக்கும் மரையுள்ள வளையம்) இடஞ்சுழியாக இறுகும். இதை மறந்து ஸ்பேனரில் எம்பி மரையைக் கெடுத்த ஃபிரேம்கள் ஏராளம். கப் நாலைந்து சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்; சில பழைய ராலே ஃபிரேம்களில் அங்குலத்துக்கு 24 மரைக்குப் பதில் 26 இருக்கும்.

சதுர அச்சில் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று இரண்டு வகை (முனையின் அளவுத் தரங்கள்). ஐ.எஸ்.ஓ. முனை சிறியது. ஜே.ஐ.எஸ். கிராங்கை அதில் மாட்டினால் நாலைந்து மி.மீ. கூடுதலாக உள்ளே போய், மேலே போட்ட கணக்கெல்லாம் வீணாகும். கிராங்க் போல்ட்டை இறுக்கிய பின் கழற்றி, கிராங்கின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அச்சின் முனை போல்ட் உட்காரும் தளத்துக்கு 2, 3 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். சமமாக வந்துவிட்டால் போல்ட் அச்சில் முட்டிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கினாலும் கிராங்க் இறுகாது.

கிராங்க் போல்ட்டின் இறுக்கம் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையா? 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடை தொங்கும் அளவுக்கு அழுத்தினால் 40 வரும். பிறகு கிராங்கை மெல்லச் சுற்றுங்கள்; செயின் ஓரிடத்தில் விறைத்து ஓரிடத்தில் தொங்கினால், வீல் போல்ட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, விறைப்பான இடத்தில் செயினை மரக்கட்டையால் லேசாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். செயின் நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆடினால் போதும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடல் காற்றும் இரண்டு மழைக்காலமும் உண்டு. பி.பி. மரையில் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கப் கழலாது. சீட் டியூப் வழியாக இறங்கும் மழைநீர் ஷெல்லில்தான் தேங்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சீட் போஸ்ட்டை உருவி வடித்துவிடுங்கள்.

முதல் 100 கிலோமீட்டருக்குள் கிராங்க் போல்ட்டை ஒருமுறை சரிபாருங்கள். அதற்குப் பிறகும் இடது கிராங்க் டக் டக் என்று ஆடினால் அதோடு ஓட்டாதீர்கள். சதுரத் துளை உருண்டு போயிருக்கும், பி.பி.யை மாற்றிப் பயனில்லை, அந்தக் கிராங்க் கையைத்தான் மாற்ற வேண்டும்.